இரண்டு கிடா, மூன்று விலை

ஆடு வளர்ப்பது ஒரு வேலையென்றால், அதை விற்பது ஒன்பது வேலை. ஆடு வைத்திருக்கும் அக்கா தங்கச்சிகளுக்கு இது சொல்லாமலே புரியும். மழைக்கு முன்னால் ஆட்டுக் கொட்டகைக்கு ஷீட் போட்டாக வேண்டும், கூலியோடு பதினெட்டாயிரம். இரண்டு கிடாக்களை விற்று அது தேறாவிட்டால், தாய் ஆடு செவலையையும் தள்ளிவிட வேண்டியதுதான். செவலையை அனுப்ப எனக்கு மனசில்லை.

வாசல் விலை

பாகூர்ப் பக்கம் தெருத்தெருவாக வரும் வியாபாரி பாய் மொபெட்டை நிறுத்தினார். கிடாவின் முதுகை அழுத்தினார், தொடையைப் பிடித்துப் பார்த்தார், "ஜோடி பதினாலு" என்றார்.

"எப்படி வளர்த்தேன் தெரியுமா பாய்? எம்பொண்ணு முறுக்குல பாதி இதுங்கதான் தின்னுச்சு."

"முறுக்குக்கெல்லாம் கறிக்கடையில காசு தரமாட்டாங்கம்மா!"

சந்தை விலை

பிள்ளையை இடுப்பிலும் கிடாக்களை லோடு ஆட்டோவிலும் ஏற்றிக்கொண்டு வாரச்சந்தைக்குப் போனேன். தரகரும் வாங்க வந்தவரும் கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்தே பேரம் பேசினார்கள். ஆடு என்னுடையது, விலை மட்டும் துண்டுக்குள்ளே! கடைசியில் பதினாறாயிரம் என்றார் தரகர்.

ஆட்டோ வாடகை, தரகு, சந்தைச் சீட்டு எல்லாம் கழித்தால் பாய் சொன்னதைவிடக் குறைவு. கிடாக்களை மறுபடி வண்டியில் ஏற்றினேன். ஆட்டோக்காரத் தம்பி திரும்பிப் பார்த்தான்.

"இன்னாக்கா, ஆட்டுக்கு ஊரு சுத்திக் காட்டவா இட்டாந்த?"

தராசு விலை

வில்லியனூர்ப் பக்கம் ஒரு கறிக்கடையில் உயிர் எடைக்கே வாங்குகிறார்கள், கிலோ முந்நூற்று எண்பது என்று எங்கள் மகளிர் குழுவில் சொன்னார்கள். எடைதானே, ஏற்றிவிடலாம் என்று காலையிலேயே இரண்டுக்கும் வயிறு முட்டப் புண்ணாக்கு கரைத்த கழனித்தண்ணி வைத்தேன்.

கடைக்காரர் கிடாக்களின் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தராசுப் பக்கமே போகாமல் இரண்டையும் வேப்பமர நிழலில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். என் கண்ணெதிரிலேயே கழனித்தண்ணி முழுக்க மூத்திரமாகத் தரையில் ஓடியது. பிறகுதான் எடை. ஐம்பது கிலோ நின்றது, பத்தொன்பதாயிரம்! ஆட்டோ வாடகை போனாலும் ஷீட்டுக்குத் தேறிவிட்டது. செவலை தப்பித்தது. பணத்தைக் கையில் கொடுத்தபோதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"அடுத்த தபா கழனித்தண்ணிய வூட்லயே வுட்டுட்டு ஆட்ட மட்டும் இட்டாம்மா."

கொட்டகைக்காக ஆட்டை விற்று, இப்போது ஒற்றை ஆட்டுக்குப் பதினெட்டாயிரத்தில் புது ஷீட் போட்ட கொட்டகை வைத்திருக்கும் ஆள் எங்கள் தெருவிலேயே நான் ஒருத்திதான்.