பன்னிரண்டாவது பெயர்

மௌரீன் அந்தப் பெண்கள் கல்லூரியில் கூடைப்பந்துக் கோச்சாகச் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இன்னும் டெம்பரரிதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் பதினோரு மாதத்துக்கென்று ஒரு புதுக் கடிதம் கொடுப்பார்கள். அவரும் கையெழுத்துப் போடுவார். பிரேசர் டவுன் எலெக்ட்ரீஷியன் பெர்னார்டின் மகள். பத்தொன்பது வயதில் மாநில அணிக்கு ஆடியவர். முழங்கால் போய், இனி ஆட முடியாது என்று ஆனபோது கிடைத்த வேலை இது. இரண்டு வருடம் பார்க்கலாம் என்றுதான் வந்தார்.

கோச் என்று பெயரே தவிர, ஆட்டம் சொல்லிக் கொடுப்பது அந்த வேலையில் கால்வாசிதான். ஜெர்சிகளைத் துவைக்கப் போட வேண்டும். ஆகஸ்ட் பதினைந்துக்கு அணிவகுப்பு நடத்த வேண்டும். பட்டமளிப்பு விழாவில் பெற்றோர்களை வரிசையில் நிறுத்த வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை வீடு வீடாகப் போவது. என் மகள் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு ஓடுவதா என்று கேட்கும் அப்பாக்களிடம் ஒரு வீட்டில் தமிழிலும், அடுத்த வீட்டில் கன்னடத்திலும், அதற்கடுத்த வீட்டில் அரைகுறை உருதுவிலும் ஒரே பேச்சைப் பேசுவார். அப்படி இரண்டு மூன்று வருடம் பாடுபட்டு ஒரு பெண்ணைத் தேற்றினால், ஒன்று கல்யாணப் பத்திரிகை வரும். இல்லையென்றால் அசோகன் வருவார்.

அசோகன் எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஒரு பெரிய தனியார் கல்லூரியின் கோச். அங்கே ஹாஸ்டல் இலவசம், ஷூ இலவசம். மௌரீனின் பெண்களில் ஆறு பேர் அங்கே போய்விட்டார்கள். "நீங்க நாத்து விடுங்க மேடம், நாங்க நட்டுக்கிறோம்" என்று ஒருமுறை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிச் சிரித்தார் அசோகன்.

இந்த வருடம் மௌரீனிடம் இருந்தது சங்கமித்ரா. பி.காம். கடைசி வருடம். சிவாஜிநகரில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறை வீடு. அம்மா பாஞ்சாலிக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. ஒரு வங்கி தன் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிறது, அவர்கள் அனுப்பும் தேர்வாளர் எரிக் கல்லூரிப் போட்டிக்கு வந்து பார்ப்பார் என்று தெரிந்ததிலிருந்து, அம்மாவும் மகளும் அந்த ஒரு நாளுக்காகத்தான் இருந்தார்கள். எடுத்துக்கொண்டால் நிரந்தர வேலை. இல்லையென்றால் பரீட்சை முடிந்ததும் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட். பாஞ்சாலி ஆள் பிடித்துச் சொல்லிவைத்திருந்தார். அதில் சேர்ந்தால் ஆட்டம் அதோடு சரி.

போட்டியின் முதல் ஆட்டத்தில் சங்கமித்ரா ஆடவில்லை, கணுக்காலில் சுளுக்கு. தாளில் பன்னிரண்டு பேருக்கு இடம் உண்டு; மௌரீன் பதினோரு பெயர் மட்டும் எழுதிக் கொடுத்தார். ஜெயித்தார்கள். எரிக் வந்தது இரண்டாவது ஆட்டத்துக்கு.

அன்று காலை கல்லூரிப் பஸ் கிடைக்கவில்லை. ஏதோ ஆய்வுக் குழு வருகிறது என்று அவர்களை அழைத்துவர அதை அனுப்பிவிட்டார்கள். மூன்று ஆட்டோ பிடித்து, அதில் ஒன்று வழி தவறி, போனில் கத்திக் கத்தி எல்லோரையும் மைதானத்தில் சேர்ப்பதற்குள் மௌரீனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆட்டம் தொடங்குவதற்கு நாற்பது நிமிடம் முன்பே கோச் தன் ஆட்டக்காரர்களின் பெயரையும் நம்பரையும் ஸ்கோர் மேசையில் கொடுக்க வேண்டும். பிறகு ஒருமுறை சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால், தாளில் பெயர் இல்லாதவர் உள்ளே போக முடியாது. மௌரீன் பையைத் துழாவினார். முதல் ஆட்டத்துக்கு எழுதிய பட்டியல் கையில் வந்தது. அதைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்தார். சரிபார்க்கச் சொன்னபோது தாளைப் பார்த்தார், பார்த்ததாகத்தான் நினைத்தார். கையெழுத்துப் போட்டார்.

கணுக்கால் இருக்கிற நிலையில் சங்கமித்ராவை இரண்டாவது குவார்ட்டரில்தான் இறக்குவது என்று முன்பே பேசியிருந்தார்கள். நேரம் வந்ததும் அவள் போய் மேசை முன்னால் நின்றாள். பதினைந்து வருடமாக ஸ்கோர் எழுதும் லாயிட், தாளை மேலிருந்து கீழே இரண்டு தரம் பார்த்துவிட்டு மௌரீனைக் கையால் அழைத்தார்.

"ஒன்பதாம் நம்பர் ஷீட்ல இல்ல மௌரீன்."

"இருக்கும் லாயிட், பாருங்க."

"இல்லம்மா. கீழ யாரு சைன்? நீதானே போட்டிருக்கே."

மௌரீன் சங்கமித்ராவைப் பெஞ்சுக்குத் திரும்பிப் போகச் சொன்னார். அவள் கணுக்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கால்தான் காரணம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அப்படியே நினைக்கட்டுமே என்று மௌரீனுக்குத் தோன்றியது. உனக்கு ஓய்வு கொடுத்தேன் என்று சொன்னால் யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள். லாயிட் வாய் திறக்கிற ஆளில்லை. அந்தக் குவார்ட்டர் முழுக்க அந்தப் பொய் நாக்கு நுனியிலேயே நின்றது.

இடைவேளையில் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார்: "சங்கு, உன் கால் காரணமில்ல. உன் பேரை எழுத நான் மறந்துட்டேன்."

சங்கமித்ரா குனிந்தாள். ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள். கேப்டன் தர்ஷினி, பரவாயில்லை மிஸ் என்று ஆரம்பித்தாள்; சங்கமித்ரா பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

ஏழு புள்ளியில் தோற்றார்கள். போட்டியிலிருந்தும் வெளியே.

மௌரீன் நேரே எரிக்கிடம் போய், தப்பு தன்னுடையது என்று நடந்ததைச் சொன்னார். இங்கே பார்த்துப் பெயர் குறித்துக்கொள்கிறவர்களை மட்டுமே கடைசித் தேர்வுக்கு அழைப்போம், ஆடாத பெண்ணின் பெயரை எப்படிக் குறிப்பது என்று கேட்டார் எரிக். அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் வார்ம்-அப் நடக்குமே, அதில் சங்கமித்ராவையும் இறக்கிப் பத்து நிமிடம் பார்க்கக் கூடாதா என்றார் மௌரீன். எரிக் வாட்ச்சைப் பார்த்தார். அந்த அணியின் கோச் ஒத்துக்கொண்டால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார்.

அடுத்த ஆட்டம் அசோகனுடையது.

அசோகன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தூரத்தில் நின்ற சங்கமித்ராவின் உயரத்தைக் கண்ணாலேயே அளந்தார்.

"எனக்கென்ன மேடம், இறக்குங்க. ஆனா பொண்ணு நல்லா ஆடினா எம்.காமுக்கு எங்க காலேஜ்தான், நான் விடமாட்டேன், பார்த்துக்குங்க."

"விடாதீங்க," என்றார் மௌரீன்.

சிவப்பு ஜெர்சிகளுக்கு நடுவே சங்கமித்ரா மட்டும் நீலத்தில் ஓடினாள். முதல் இரண்டு பந்தும் வளையத்தில் பட்டுத் தெறித்தன. அப்புறம் அசோகனே தன் ஆட்டக்காரிகளில் ஒருத்தியைத் தடுக்கச் சொல்லி அவள் முன்னால் நிறுத்தினார். சங்கமித்ரா இடது பக்கம் போவதுபோலச் சாய்ந்து வலது பக்கமாகப் புகுந்து போட்டாள். இன்னொரு முறையும் போட்டாள். மௌரீன் பந்தைப் பார்க்கவே இல்லை. அவள் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எரிக் நோட்டில் ஏதோ எழுதினார். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு இதே மைதானத்தில் தேர்வு, வரச் சொல்லுங்கள், ஆனால் எடுப்போம் என்று சொல்லவில்லை என்றார்.

திரும்பும்போது சங்கமித்ரா வேறு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். கல்லூரிக்கு வந்து ஜெர்சிகளை எண்ணி மூட்டை கட்டிய பிறகு மௌரீன் பாஞ்சாலிக்குப் போன் செய்தார். மகள் சொல்லிக் கேட்பதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னார்.

"நீங்களா மிஸ் மறந்தீங்க?"

"நான்தான்."

பாஞ்சாலி வீடு திரும்பிக்கொண்டிருந்த கம்பெனி வண்டியின் இரைச்சல் போனில் கேட்டது. திட்டிவிட்டால் தேவலை போலிருந்தது மௌரீனுக்கு. பாஞ்சாலி திட்டவில்லை. திங்கட்கிழமை தனக்கு ஐந்து மணிக்கே வண்டி வந்துவிடும், மகளை யார் கூட்டிப் போவது என்று கேட்டார். தானே வீட்டுக்கு வந்து கூட்டிப் போவதாகச் சொன்னார் மௌரீன்.

"கூட்டிட்டுப் போங்க. ஆனா அங்க போய்ப் பேரை அவளே எழுதட்டும் மிஸ்."

"சரி பாஞ்சாலி. நீங்க கிளம்பறதுக்கு முன்னாடி வந்துடறேன்," என்றார் மௌரீன்.