வெள்ளைக்காரன் வியாதி

உத்திரமேரூர் டாக்டர் நல்ல உயரம். எப்போதும் சலவைச் சட்டை. நோயாளியை ஒரு தடவையாவது சிரிக்கவைத்த பிறகே நாடி பிடிப்பார்.

ஏர் ஓட்டும்போது நெஞ்சு வலித்த என் அண்ணனை அவரிடம் மாட்டுவண்டியில் அழைத்துப்போனேன்.

"மாரடைப்பா இருக்குமா, டாக்டரே?" என்றார் அண்ணன்.

"அது வெண்ணெய் தின்ற வெள்ளைக்காரனுக்கு வர்ற வியாதி நைனா. கூழ் குடிக்கிற நம்ம ஜனத்துக்கு ஏது? இது வாயு. வண்டி பின்னால வரட்டும், நீ நடந்தே போ, கலைஞ்சிடும்."

சிரித்துக்கொண்டே நடந்த அண்ணன் திருப்புலிவனம் சாலையில் விழுந்து இறந்தார்.

மறு வருஷம் டாக்டருக்கே நெஞ்சு வலி வந்தது. மருந்து வாங்கப் போயிருந்த என்னையும் கூப்பிட்டார்.

"மாரடைப்புதான். நான் ஓரடிகூட நடக்கக் கூடாது. தூக்கிக் கார்ல படுக்க வைங்க."

தூக்கினோம். பட்டணத்து ஆஸ்பத்திரியில் பிழைத்துத் திரும்பினார்.

அண்ணனிடம் சொன்னதை அவர் நம்பித்தான் சொன்னாரா என்று கேட்க, பலமுறை அவர் வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.