பேனருக்கு எழுதிய நான்கு வரிகள்

புதிதாக அச்சான பேனரைச் சுருள் பிரிக்கும்போது ஒரு வாடை வரும். மண்ணெண்ணெயும் ரப்பர் செருப்பும் வெயிலில் சேர்ந்து கிடந்தது போல. பெரம்பலூரில் அந்த வாடை இல்லாத நாளே கிடையாது. காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு, பதவி கிடைத்தவருக்கு வாழ்த்து, கிடைக்காதவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடைத்தவருக்குச் சொல்லும் வாழ்த்து. நான்கு ரோட்டில் எப்போதும் யாராவது ஏணியில் நின்று கயிறு கட்டிக்கொண்டிருப்பார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு வண்டியை ஓட்டுவேன். எவ்வளவு தூரத்துக்கு அடக்க முடியும்? ஐம்பது வயது நெஞ்சு. விட்டு, திரும்ப இழுக்கத்தான் வேண்டியிருக்கிறது. இழுத்ததும் மாஸ்டர் நினைவில் வந்துவிடுகிறார், முழங்கை வரை மாவோடு.

கோர்ட்டுக்கு எதிரே எனக்கு ஒரு டைப்பிங் கடை இருக்கிறது. பகலெல்லாம் மனு, ஒப்பந்தம், பிரமாணப் பத்திரம். இடையிடையே கிடைக்கிற தாளின் பின்பக்கத்தில் கவிதை. ஊரில் என்னைக் கவிஞர் என்று கூப்பிடுகிறார்கள். பாதிப் பேர் கேலிக்கு, பாதிப் பேர் என் பெயர் தெரியாததால். கைதி ஒருவருக்காகப் பரோல் மனு டைப் செய்ய வந்தபோதுதான் ஒரு அக்கா பழக்கமானார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். அக்கா வழியாக பாய் வந்தார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பேக்கரி வைத்திருப்பவர். எங்கள் மூவருக்கும் சங்கம், பதிவு, ரசீதுப் புத்தகம் எதுவும் கிடையாது. செல்போனில் ஒரு குழு, அவ்வளவுதான். ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவருக்கு முதலில் ஒரு முகவரி வேண்டும். ஆதாரில் மாற்ற, பேங்கில் கொடுக்க, போலீஸ்காரர் கேட்டால் காட்ட. அக்கா தன் வீட்டின் பின்பக்க அறையை அதற்காகவே ஒழித்து வைத்திருந்தார். பாய் வேலை கொடுப்பார். நான் எழுத வேண்டியதை எழுதுவேன்.

மாஸ்டருக்கு முன்னால் ஆறு பேர் அந்த அறையில் இருந்தார்கள். ஒருவர் கேரளாவுக்குப் போனார். ஒருவர் திரும்ப உள்ளேயே போனார். ஒருவர் அக்கா வீட்டுத் தண்ணீர் மோட்டாரோடு போனார். மற்றவர்களைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

அவர் ஏழாவது ஆள். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முந்திரிக்காட்டு எல்லைத் தகராறில் பங்காளியை அரிவாளால் வெட்டிவிட்டு, அதே அரிவாளோடு போய் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தவர். திருச்சி ஜெயிலில் பதினான்கு வருடம். மூன்றாவது வருடத்தில் மனைவி இறந்துபோனார். உள்ளே போகும்போது ஏழு வயதாயிருந்த மகளை மாமன் வளர்த்து, அரியலூரில் கட்டிக்கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். சம்பந்தி வீட்டில் சொல்லியிருந்தது, பெண்ணின் அப்பா துபாயில் இருக்கிறார் என்று.

உள்ளே இருந்த காலத்தில் ரொட்டி போடக் கற்றிருந்தார். பாய் முதல் நாளே அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் அவர் முதுகு கொஞ்சம் நிமிரும். மாவைப் பிசையும்போது அவர் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், குளத்தில் ஒரு எருமை நிதானமாக நீந்திப் போவதைப் பார்ப்பது போல.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மகள் வந்தாள். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அரியலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். ஐந்தாம் மாதம். நான் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் மகளும் பேக்கரிக்குப் பின்னால், அடுப்புச் சூட்டில், ஒருவரை ஒருவர் தொடாமல் நின்றார்கள்.

"ஏழாம் மாசம் வளையல் போடறாங்கப்பா. அன்னைக்கு வந்துடுங்க. துபாய்லேருந்து வந்துட்டேன்னு சொல்லிக்கலாம்."

"சரிம்மா."

"அதுவரைக்கும் யாரு கண்ணுலயும் படாம இருங்க. உங்கள கையெடுத்துக் கும்புட்டுக் கேக்கறேன்."

"சரிம்மா."

அவள் போனபின் அரை மணி நேரம் வரை அவரால் மாவில் கை வைக்க முடியவில்லை. அதற்கப்புறம் அவருக்கு இருந்தது ஒரே ஒரு நாள்தான். மற்ற நாட்கள் எல்லாம் அந்த நாளை நோக்கி நடக்கிற நாட்கள். அப்பன் என்று ஒரு பாயில் உட்கார வேண்டும், மகள் கையில் வளையல் போட வேண்டும். அவ்வளவே கேட்டார் உலகத்திடம்.

பாய் எட்டு வருடம் ஷார்ஜாவில் இருந்தவர். மாஸ்டருக்கு துபாய்ப் பாடம் எடுத்தார். சம்பந்தி வீட்டில் கேட்டால் திணறக் கூடாதல்லவா.

"அங்க பஸ்ஸுல ஏசி, மாஸ்டர். பஸ் ஸ்டாப்புலயே ஏசி. நாலு பக்கமும் கண்ணாடி."

"பஸ் ஸ்டாப்புக்குக் கதவு உண்டுங்களா பாய்?"

"உண்டு."

"யாரு பூட்டுவாங்க?"

பாய் கல்லாப் பக்கம் போய்விட்டார். அக்காதான் சிரித்துச் சமாளித்தார். "யாரும் பூட்ட மாட்டாங்கய்யா. நீ பாட்டுக்குப் போலாம், வரலாம்."

மகளுக்கு ஆறாம் மாத வாக்கில் பாய் ஒரு காரியம் செய்தார். புது பஸ் ஸ்டாண்டு பக்கம் பெட்டிக்கடை அளவுக்கு ஓர் இடம் பிடித்து, மாஸ்டரே பன்னும் வர்க்கியும் போட்டு விற்கட்டும் என்றார். "பொண்ணு வூட்டுக்குப் போறப்ப கடைக்காரனா போவட்டும் தம்பி. இன்ஷா அல்லா, அந்தப் பாயில நெஞ்ச நிமித்தி உக்காருவாரு." வெள்ளிக்கிழமை திறப்பு என்று முடிவானது. எளிமையாக ஒரு கோலம் போட்டுத் திறக்கலாம் என்றார் அக்கா. பாய் சிரித்தார். "பேனர் இல்லாமத் தொறந்தா, கடைய மூடறாங்கன்னு நெனச்சுக்குவான் ஊர்க்காரன். கவிஞரே, நாலு வரி எழுதுங்க."

எழுதினேன்.

இருட்டைப் பிசைந்து
பதினான்கு ஆண்டு புளிக்கவைத்து
வெளிச்சமாகச் சுட்டெடுத்த கைகள்
இனி நம் ஊர்ப் பசிக்கு.

வாழ்நாளில் நான் எழுதியவற்றில் அதிகம் பேர் படித்தது இதுதான். எழுதி முடித்ததும் எழுந்து, கடைக்குள்ளேயே இரண்டு முறை நடந்தேன். அப்படி ஒரு மிதப்பு. மகள் கும்பிட்டுக் கேட்டது எனக்குத் தெரியும். என் காதால் கேட்டேன். ஆனால் இதில் அவர் பெயர் இல்லை, ஜெயில் என்ற சொல் இல்லை, யாருக்கு என்ன புரியப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கவிதை புரியாது என்பதை அன்றைக்கு நான் ஒரு பாதுகாப்பாக நம்பினேன்.

மாஸ்டரிடம் படித்துக் காட்டினேன். தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

"உங்க படம் ஒண்ணு போட்டா எடுப்பா இருக்கும். போடலாமா?"

"நீங்க சொன்னா சரிதான் சார்."

கொஞ்ச நேரம் கழித்து, கையில் ஒட்டிய மாவைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். "அரியலூர் பஸ்ஸு அந்தப் பக்கமாத்தானே சார் போவும்?"

"பஸ் போற வேகத்துல யாரு பாக்கப்போறா?" என்றேன்.

அவர் திரும்ப மாவுக்குப் போனார். கேட்டதற்கெல்லாம் சரி என்று சொல்லியே பதினான்கு வருடம் கழித்த மனிதர். முழுச் சம்மதத்துடன் என்று ஒரு நாளைக்கு இருபது முறை டைப் செய்கிறவன் நான். சம்மதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

பேனர் கடைப் பையன்கள் கெட்டிக்காரர்கள். வியாழக்கிழமை சாயங்காலம் போனுக்கு மாதிரி வந்தது. நான் என் தொழிலைச் செய்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கி எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். ஒற்று சரி, கால் சரி, கொம்பு சரி. ஓகே என்று அனுப்பினேன். எழுத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. முப்பது வருடமாகப் பிழை திருத்துகிறவனுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும், தாள் தெரியாது.

மறுநாள் காலை ஏணியில் ஏறி விரித்தார்கள். வாடை முதலில் வந்தது. அப்புறம் என் வரிகள், ஆள் உயரத்துக்கு. அப்புறம்தான் மீதி. வடிவமைத்தவர் என் கவிதையை முழுதாகப் புரிந்துகொண்டிருந்தார். பின்னணி முழுக்க இரும்புக் கம்பி. விலங்கை உடைக்கும் இரண்டு கை. மேலே ஒரு புறா, கீழே உதிக்கும் சூரியன். கம்பிகளுக்கு நடுவில் மாஸ்டர், அக்கா எடுத்துக் கொடுத்த படத்தில், லேசாகச் சிரித்தபடி.

"கழட்டுங்கடா" என்றார் பாய்.

ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ரிப்பன் வெட்டக் கூப்பிட்டிருந்த பெரியவர் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். இப்போது கழற்றினால் அபசகுனம் என்றார் யாரோ. "ஒரு மணி நேரம் போவட்டும் பாய், முடிஞ்சதும் எடுத்துடலாம்" என்று சொன்னது நான். அந்தச் சமயத்தில் மாஸ்டர் கடைக்குள், முதல் தட்டு பன்னை வெளியே எடுத்துக்கொண்டு, எங்கள் மூவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கைதட்டினேன், ரிப்பன் வெட்டியாகிவிட்டது.

ஒரு மணி நேரம் போதுமாயிருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா அன்றைக்கு மக்காச்சோளம் விலை விசாரிக்க பெரம்பலூர் வந்திருந்தார். பன் சூடாக இருக்கிறதே என்று இறங்கி ஆறு வாங்கினார். கல்யாண ஆல்பத்துக்காக மாமன் கொடுத்திருந்த பழைய படத்தில் பார்த்த முகம். பேனரைப் போனில் ஒரு படம் எடுத்தார். பன்னைச் சாப்பிட்டுக்கொண்டே அரியலூருக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் அரியலூர் போனோம். சிமெண்ட் லாரிகள் கிளப்பும் வெள்ளைப் புழுதி, வேலியோரச் செடியெல்லாம் விபூதி பூசியது போல. வீட்டில் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். அந்த மரியாதைதான் பயமாக இருந்தது. மாமியார் பேசினார்.

"வாங்க. துபாய்லேருந்து பேரீச்சம்பழம் கொண்டாந்திருக்கீங்களா?"

அக்கா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"வெட்டுனதக்கூட விடுங்கம்மா, எந்தக் குடும்பத்துல இல்ல. ரெண்டு வருஷமா எங்கள கேணக்கூட்டம் ஆக்கியிருக்கீங்களே. பக்கத்து வூட்டுக்காரி கிட்டல்லாம் எங்க சம்பந்தி துபாய்ல இருக்காருன்னு நான்தானே பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன்? இப்ப அவ என் மூஞ்சியப் பாத்து என்ன கேக்கறா தெரியுமா? துபாய்ல கம்பி ரொம்பக் கனமான்னு கேக்கறா."

"தப்பு எங்களதும்மா. அவரு ஒண்ணும் கேக்கல" என்றேன்.

"வளையல் போடுவோம். எங்க வூட்டுப் பொண்ணு அவ, குறை வைக்க மாட்டோம். மாமன் வரட்டும். அந்தாளு காலு இந்த வாசல்ல படக் கூடாது."

மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. அழுது முடித்திருந்த முகம். நாங்கள் எழுந்தபோது வாசல்வரை வந்து, மெதுவாக, என்னிடம் மட்டும் சொன்னாள்.

"செத்துட்டாருன்னே சொல்லிக் கட்டிக்குடுத்திருக்கலாம் சார். உசுரோட இருக்காருன்னு நான்தான் ஆசப்பட்டேன். நீங்க அவரக் கொண்டாந்து ரோட்டுல கட்டித் தொங்கவுட்டுட்டீங்க."

திரும்பி வந்து சொன்னோம். மாஸ்டர் கேட்டது ஒன்றுதான். "பாப்பா நல்லாருக்குதா? கை கால் வீக்கம் எதுவும் இருக்குதாக்கா?"

"லேசா இருக்குதுய்யா. இந்த மாசத்துல இருக்கறதுதான்" என்றார் அக்கா.

பேனரை எப்போதோ கழற்றியிருந்தோம். பயனில்லை. கடைக்கு வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் தாங்க முடியாதது. ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "திருந்தி வாழறீங்க, பெருமையா இருக்குண்ணே" என்றார். ஒருவர் குரலைத் தாழ்த்தி, "உள்ள ஞாயித்துக்கிழமை கறி போடுவாங்களாமே, நெசமா?" என்றார். பன்னை மட்டும் வாங்கிக்கொண்டு போக ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் அவரிடம் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. நானும் அப்படித்தான் தொடங்கினேன், நான்கு வரியில்.

வளையல் போட்ட அன்று அவர் கடை திறக்கவில்லை. அக்கா வீட்டுப் பின்பக்க அறையில், வெள்ளைச் சட்டை போட்டு, பாயை விரித்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பதினோரு மணியிலிருந்து ஒரு மணி வரை. நல்ல நேரம் முடிந்ததும் சட்டையைக் கழற்றி மடித்து வைத்ததாக அக்கா சொன்னார். அக்கா அதற்குப் பிறகு யாருக்கும் அந்த அறையைக் கொடுக்கவில்லை. பாயும் நானும் கேட்கவில்லை. செல்போன் குழு இன்னும் இருக்கிறது. யாரும் எதுவும் போடுவதில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் கிளம்பினார். திருப்பூரில், உள்ளே பழக்கமான ஒருவர் சொல்லி, ஒரு பேக்கரியில் வேலை. புது பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ்ஸுக்கு நின்றோம். நல்ல வெயில். பாய் கட்டிப்பிடித்து, ஒரு பொட்டலம் கொடுத்து, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மட்டும் நின்றேன். மன்னிப்புக் கேட்க ஆயிரம் மனு எழுதியவன். என் மனுவுக்கு முதல் சொல் வரவில்லை. பஸ் வந்தது. பையை மேலே வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு மாசம் கழிச்சு வந்து பாக்கறேன்" என்றேன்.

"வராதீங்க சார்." குரலில் கோபம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்காமல் குனிந்து சொன்னார். "அங்க என்னைய யாருக்கும் தெரியாது. நீங்க வந்தா, இவரு யாருன்னு கேப்பாங்க. உங்கள நான் என்னன்னு சார் சொல்றது?"