சீன மூச்சும் என் பாதரசமும்

என் கணவர் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சீனர்களிடம் மூச்சு விடக் கற்றுக்கொள்ளப் போனபோது எனக்கு வந்தது கோபமா பயமா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. என்னிடமிருந்து இரண்டும் ஒரே குரலில்தான் வெளிவரும். "மூச்சு விடறதுக்கு ஒரு வாத்தியாரா? பொறந்ததுலேர்ந்து என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கம்பளிக் குல்லாயை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கனடாவில், மான்ட்ரியாலின் லாசால் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தோம். அவர் டோர்வலில் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் என்ஜினியர். நான் ஆஸ்பத்திரியில் டாக்டர். டாக்டர் பெண்டாட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு சைனா டவுனில் வைத்தியம் பார்க்கிறார் என்று உடன் வேலை செய்பவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வது? யாரிடமும் மூச்சு விடவில்லை.

கௌரவம் போனால் போகட்டும், ஆள் போய்விடுவாரே என்பதுதான் என் கவலை. அவருடைய அப்பா ரத்தக் கொதிப்பில் போனவர், ஐம்பதைப் பார்க்கவில்லை. அண்ணனும் அதே வழியில் போனார். இவருக்கு நாற்பது தாண்டியதும் பிரஷர் ஏறத் தொடங்கியது. அந்தக் காலத்து மாத்திரை மனிதரைத் தூங்குமூஞ்சி ஆக்கிவிட்டது. எதைக் கேட்டாலும் 'ம்' என்பதோடு சரி. "இப்படி ரொம்ப நாள் இருக்கறதுக்கு, கொஞ்ச நாள் சிரிச்சுட்டு இருந்துட்டுப் போறேனே" என்றார் ஒருநாள். அன்று நான் சமைக்கவில்லை.

சி குங் என்று அதற்குப் பெயர். நோயில்லாமல் நெடுநாள் வாழ்வதற்காக தாவோ என்ற பழைய சமய வழியில் வந்த சீனர்கள் செய்யும் பயிற்சி. முழங்காலைச் சற்று மடக்கி, பெரிய மரத்தைக் கட்டிப்பிடித்தாற்போல் கைகளை வளைத்து, அசையாமல் நிற்க வேண்டும். மூச்சு தானாக அடிவயிற்றுக்குப் போய் வரும். இவருக்குச் சின்ன வயதில் பிராணாயாமம் செய்த பழக்கம் உண்டு. ஆகவே தன் இஷ்டத்துக்கு மூச்சை அடக்கி நின்று, தலை சுற்றி, பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூச்சை அடக்கவே கூடாது என்று வாத்தியார் கண்டித்த பிறகுதான் அடங்கினார். எனக்கு அன்று போன உயிர் முழுசாகத் திரும்பி வரவில்லை.

வாத்தியார் வைத்திருந்த மூலிகைக் கடையிலிருந்து பழுப்புக் காகிதத்தில் பொட்டலங்களும் வந்தன. காய்ந்த சாமந்திப் பூ, கொக்கி கொக்கியாக ஏதோ சுள்ளி, மரப்பட்டை. நானே கஷாயம் வைத்துக் கொடுத்தேன், வைத்தபடி திட்டவும் செய்தேன். ஒரு பொட்டலத்தில் அதிமதுரத் துண்டு கிடந்தது. அது பிரஷரை ஏற்றும் என்று படித்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொட்டலத்தையும் முறத்தில் கொட்டிப் புடைக்காத குறைதான்.

மாத்திரை இல்லை என்றானபின் எனக்கிருந்த ஒரே பிடிமானம் பிரஷர் பார்ப்பது. காலையில் பார்ப்பேன், வேலையிலிருந்து வந்ததும் பார்ப்பேன். கருவியின் பாதரசம் நூற்று எழுபதுக்குக் கீழே இறங்க மறுத்தது. "பாத்தீங்களா, உங்க சீனாக்காரர் லட்சணத்தை!" என்பேன். அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து போவார்.

ஒரு சனிக்கிழமை பயிற்சி முடிந்து வந்தவர் குதித்துக்கொண்டு வந்தார். வகுப்பில் ஓய்வுபெற்ற பிரெஞ்சுக்கார நர்ஸ் ஒருவரும் பயின்றார். அவர் எல்லாருக்கும் பிரஷர் பார்த்தாராம். "எனக்கு நூத்தி முப்பதுதான்!" உடனே உட்கார வைத்து நான் பார்த்தேன். நூற்று எழுபது. "அந்தம்மா காதுல பஞ்சு" என்றேன். குதிப்பு நின்றுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, என் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போய் நின்றேன். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவர் முதுகு தெரிந்தது. நர்ஸ் உரக்கச் சொன்னார்: நூற்று முப்பது. நான் உள்ளே நுழைந்தேன். "பொன்ஜூர் மதாம்" என்றார் நர்ஸ். பதிலுக்குக்கூடக் காத்திராமல் என் கருவியை எடுத்து என் கணவர் கையில் கட்டினேன். நூற்று எழுபது. "உங்கள் கருவி பழுது" என்று ஆங்கிலத்தில் வெடுக்கென்று சொன்னேன்.

நர்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை. தன் கருவியால் மறுபடி பார்த்தார். அதிலும் நூற்று எழுபது. என்னையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "மதாம், உங்கள் கருவியை இங்கே வைத்துவிட்டு, கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா?" என்றார்.

கதவைச் சாத்திவிட்டார்கள். ஈரப் பூட்ஸுகள் வரிசையாக இருந்த நடையில் நின்றேன். ஆஸ்பத்திரியில் நோயாளியின் வீட்டார் வெளியே நின்று தவித்தபோது நான் எத்தனையோ தடவை உள்ளே இருந்திருக்கிறேன். வெளியே நிற்பது இப்படி இருக்கும் என்று தெரியாது. வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. என்னுடைய கருவியிலேயே பார்த்திருந்தார்கள். பாதரசம் நூற்று முப்பதைத் தாண்டவில்லை.

மெட்ரோவுக்கு நடக்கும்போது பனி பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. படித்த படிப்பையெல்லாம் புரட்டி ஒரு காரணம் தேடினேன். இறங்கியது நிஜமென்றால், என் முன்னால் ஏறுவதும் நிஜந்தானே? அப்படி ஏறும்போதெல்லாம் அவருடைய ரத்தக்குழாய்களுக்கு ஆபத்துதானே? யாரிடம் போய்க் கேட்பது இதை?

"ஏங்க, நான் என்ன பண்றேன் உங்களை?" என்றேன்.

அவர் குல்லாயில் விழுந்த பனியைத் தட்டிவிட்டார். "அப்பாவுக்குக் கடைசியா பிரஷர் பாத்தாரே டாக்டர், அவர் எங்ககிட்ட நம்பர் எதுவும் சொல்லல. அவர் மூஞ்சியைப் பாத்தே நான் தெரிஞ்சுகிட்டேன்" என்றார். "நீ பாதரசத்தைப் பாக்கறே. நான் உன் மூஞ்சியைப் பாக்கறேன். தினமும் ரெண்டு வேளை அதே மூஞ்சி."

அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நாடி பார்க்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்து, கையைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடந்தேன்.