வெடிக்காத ஸ்டவ்வைப் பார்க்கக் குஜிலியம்பாறைக்கு

2004 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை குஜிலியம்பாறை பக்கம் போனேன். ஊர் சுற்ற அல்ல. மாவட்டத்தில் இறந்துபோன இளம் மனைவிகளின் பட்டியலை எங்கள் பெண்கள் குழு தயாரித்துக்கொண்டிருந்தது. போலீஸ் பதிவேட்டைப் பார்த்துப் படிவம் நிரப்புவது என் வேலை. காரணத்துக்கு நோய், விபத்து, தற்கொலை என்று மூன்றே கட்டம். கொலைக்குக் கட்டமே இல்லை. அச்சடித்தபோது எங்களில் ஒருத்திக்கும் அது உறைக்கவில்லை. செலின் என்ற பெண்ணின் பெயருக்கு எதிரே 'ஸ்டவ் வெடித்து விபத்து' என்று நானே எழுதியிருந்தேன். பட்டியலைப் பற்றிக் கேள்விப்பட்டு, 'அது பொய்' என்று அவள் தாய் ஆரோக்கியமேரி ஒரு கார்டு போட்டிருந்தார்.

திண்டுக்கல்லில் காலை 7.10-க்கு பஸ். நாற்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், பன்னிரண்டு ரூபாய். வேடசந்தூர் தாண்டினால் வெறும் மானாவாரிக் காடு, தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். இறங்கி ஊருக்குள் போக ஷேர் ஆட்டோ, நாலு கிலோமீட்டர், ஐந்து ரூபாய்.

ஆரோக்கியமேரி வீடு என்றதும், "அந்த ஸ்டவ்வு கேஸா?" என்றார் டிரைவர். "எல்லாருக்கும் தெரியும்க்கா. யாரு போயி சொல்றது?"

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்கே தெரிந்தது பதிவேட்டுக்கு மட்டும் தெரியாதாம்!

ஆரோக்கியமேரி பரணிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இறக்கினார். செலினை அடக்கம் செய்த மூன்றாம் நாள், கல்யாணத்துக்குக் கொடுத்த சீர் சாமான்களை மாப்பிள்ளை வீட்டார் டெம்போவில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத மண்ணெண்ணெய் ஸ்டவ்.

"இதுதேன் வெடிச்ச ஸ்டவ்வு. அவுக வீட்ல வேற கெடையாது, விறகு அடுப்புதேன். இதத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். 'சாமான் பத்திரமா வந்துருச்சுல்ல, கெளம்பு'ன்னுட்டாக."

போலீஸ்காரர்கள் செலின் வாழ்ந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேனா? ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து அவர்கள் எழுதியதைக் காப்பியடித்தவள்தானே.

"ஒங்க பேப்பர்லயாச்சும் சரியா எழுதுவியாம்மா?" என்றார்.

'விபத்து' என்பதை அடித்தேன். கட்டம் இல்லாததால் ஓரத்தில், 'கொலை என்கிறார் தாய். ஸ்டவ் வெடிக்கவில்லை, நான் பார்த்தேன்' என்று எழுதி வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

திரும்ப மாலை 4.20-க்கு பஸ் உண்டு. மொத்தச் செலவு முப்பத்து நாலு ரூபாய். இதே வேலையாகக் கிளம்புகிறவர்கள் முதலில் வீட்டுக்குப் போங்கள், பதிவேட்டை அப்புறம் பார்க்கலாம். எதில் சமைத்தார்கள் என்று கேளுங்கள். திரும்பி வந்த சீரைப் பிரித்துப் பாருங்கள்.

எங்கள் படிவத்தில் இப்போது நாலாவது கட்டம் இருக்கிறது. ஸ்டேஷன் பதிவேட்டில் அந்த ஸ்டவ் வெடித்தது வெடித்ததுதான். ஆரோக்கியமேரி அதை விற்கவும் இல்லை, பற்றவைக்கவும் இல்லை. என்றைக்காவது ஒரு அதிகாரி வந்து கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டுமாம்.