தங்கப்பழம் மதினியின் இரண்டாம் சாட்சி

என் மதினி தங்கப்பழத்தைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். சலூன் நாற்காலியில் போய் உட்கார்ந்த பொம்பளை என்று ஒரு கூட்டம் சொல்லும். வெள்ளைக்காரனைப் பிடித்துப் புருஷனை மீட்டவள் என்று இன்னொரு கூட்டம் சொல்லும். முதல் கூட்டம் சொல்வது நிஜம். இரண்டாவது சுத்தப் புளுகு. நான் அவள் புருஷன் பெத்துராஜின் கூடப்பிறந்த தங்கை, சுப்புத்தாய். அவளோடு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறியவள் நான்தான். அதனால் என்னிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதினி பிறந்தது குருவிகுளம் பக்கம். மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் கடன் என்று இருந்த வீடு. எட்டாம் வகுப்பு வரை படித்தாள். பத்தொன்பது வயதில் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்தாள். அண்ணனுக்குக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை. ஆனால் அவனுக்குக் கடையைவிடக் கட்சி பெரிது. நகரச் செயலாளர் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவான். கடையைப் பார்த்தது மதினிதான். தராசு முள் இந்தப் பக்கமும் சாயாது, அந்தப் பக்கமும் சாயாது. "ஒரு கை மல்லி கூடப் போட்டா குறைஞ்சா போவ?" என்று யாராவது கேட்டால், "உங்களுக்குக் கூடப் போட்டா இன்னொருத்தருக்குக் குறைச்சுல்லா போடணும்" என்பாள். இந்தக் குணம் பின்னால் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

1976 பிப்ரவரியில் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நெருக்கடி நிலைக் காலம். மாநில ஆட்சியைக் கலைத்துவிட்டு எங்கள் கட்சிக்காரர்களை ஊர் ஊராக அள்ளிக்கொண்டிருந்தார்கள். அன்று காலை எட்டு மணிக்கு அண்ணன் எங்கள் கடைக்கு எதிரே இருந்த கருத்தப்பாண்டியின் சலூனில் சவரம் செய்துகொண்டிருந்தான். வலது கன்னம் முடிந்துவிட்டது. இடது கன்னத்தில் சோப்பு நுரை. ஜீப்பில் வந்தவர்கள் மிச்சத்தை வழிக்கக்கூட விடவில்லை. அந்தக் கோலத்திலேயே அவனை ஏற்றிக்கொண்டு போனதைக் கடைத்தெருவே நின்று பார்த்தது.

பிறகு ஒரு வருஷம் பாளையங்கோட்டை ஜெயில். 1977 ஜனவரியில் தேர்தல் என்று அறிவித்ததும் உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அண்ணன் மட்டும் வரவில்லை. கேட்டால், அவன்மேல் தனியாக ஒரு வழக்கு இருக்கிறதாம். அதே நாள், அதே எட்டு மணிக்கு, வாசுதேவநல்லூர் ரோட்டில் ஒரு பஸ்ஸுக்குத் தீ வைத்தானாம். முகத்தில் நுரையோடு எப்படிப் போய் வைத்தான் என்று எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இதுதான். வழக்கு நடந்து தண்டனை ஆகிவிட்டால் ஏழு வருஷமோ பத்து வருஷமோ என்று வக்கீல் சொன்னார். மதினி அதைக் கேட்டுவிட்டு நேராகக் கடைக்கு வந்து வெல்லம் உடைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கட்சியின் மாவட்டப் பிரமுகர் ஆவுடையப்பன் அண்ணாச்சி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பேச்சில் தேன்.

"தங்கப்பழம், கவலையை விடு. வெளிநாட்டுத் தூதரகத்து ஆபீசர் ஒருத்தர் பாளையங்கோட்டைக்கு வாராரு. தேர்தலுக்கு முன்னால நாட்டு நெலமை எப்படின்னு பார்க்க வாராராம். நம்ம ஆட்கள் ஜெயில்ல பட்ட பாட்டையெல்லாம் மனுவா எழுதி அவர் கையில குடுக்கப் போறோம். அவுக ரேடியோவுல ஒரு வார்த்தை சொன்னாப் போதும், டெல்லி கிடுகிடுத்துப் போவும்."

"நல்லது அண்ணாச்சி. எழுதிக் குடுக்கேன்."

"பெத்துராஜை அடிச்சுக் கையை முறிச்சிட்டாங்கன்னு எழுதணும். அப்பத்தான் மனசு இளகும்."

மதினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அவுக கை நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. போன மாசம் போய்ப் பார்த்தேன். ரெண்டு கையாலயும் முறுக்கை உடைச்சுத் தின்னாக."

"ஏம்மா, ஒரு பேச்சுக்குத்தானே."

"ஒருத்தன் பொய் எழுதித்தான் அவுக உள்ள கெடக்காக. நானும் பொய் எழுதி வெளிய கொண்டாரவா? நடந்ததை எழுதுதேன். அதுக்கு மேல ஒரு எழுத்து எழுத மாட்டேன்."

அண்ணாச்சி முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு கை முறிந்தது என்று எழுதினால் குடியா முழுகிவிடும் என்று நானும் சண்டை போட்டேன். அவள் மசியவில்லை.

நேராகப் பத்திரம் எழுதும் சண்முகையாவிடம் போனாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "வெளிநாட்டு சர்க்கார்னாலும் சர்க்கார்தானே. வெள்ளைத் தாள்ல எழுதுனா மதிப்பிருக்காது. பத்திரத்துலயே எழுதிருவோம்" என்றார். எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. நிலம் வாங்கினாலும், விற்றாலும், அண்ணன் தம்பி பாகம் பிரித்தாலும் பத்திரம்தான். அதில் இல்லாததை இந்த ஊரில் யார் நம்பியிருக்கிறார்கள்? அன்று எட்டு மணிக்கு அண்ணன் சலூனில் இருந்ததை முத்திரைத் தாளில் முத்து முத்தாக எழுதி, கீழே வழக்கம்போல 'சாட்சிகள்' என்று போட்டு ஒன்று, இரண்டு என்று இடம் விட்டார். இரண்டு சாட்சி இல்லாத பத்திரம் தாலியில்லாக் கல்யாணம் என்பது சண்முகையாவின் சித்தாந்தம்.

அன்று எங்கள் கடையில் நின்று பார்த்தவள் என்பதால் முதல் சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். சொந்தத் தங்கை போட்டால் பெரிதாக எடுபடாது, இரண்டாவது ஆள் வெளி ஆளாக இருக்க வேண்டும் என்றார் சண்முகையா. கடைத்தெருவில் ஏறி இறங்காத கடை இல்லை. அன்றைக்கு வேடிக்கை பார்த்தவனெல்லாம் இன்றைக்குக் கேட்டால் அந்த நாளில் ஊரிலேயே இல்லையாம். ஒருவன் திருச்செந்தூர் போயிருந்தானாம். இன்னொருவனுக்குக் காய்ச்சலாம். கருத்தப்பாண்டி மட்டும் பொய் சொல்லவில்லை.

"அக்கா, பார்த்தவன் நாந்தான். இல்லைன்னு சொல்லல. ஆனா மூணு பொம்பளப் பிள்ளைகளை வச்சிருக்கேன். ஏட்டையா, ஸ்டேஷன் ரைட்டர் எல்லாரும் இந்த நாற்காலியிலதான் வந்து உட்காருதாங்க. என்னைய விட்டுருங்க" என்று கும்பிட்டார்.

"சரி விடு. ரெண்டாவது சாட்சி அந்த வெளிநாட்டு ஆபீசரே போடட்டும். அவனுக்கென்ன பயம்?" என்றாள் மதினி.

பாளையங்கோட்டையில் ஒரு பங்களா வராந்தா. ஆவுடையப்பன் அண்ணாச்சி மாலையும் எலுமிச்சம்பழமுமாக நின்றார். அவர் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்திருந்த மனுக்களில் முறியாத கையும் காலும் இல்லை. ஆபீசர் நெட்டையாக, வெயிலில் சிவந்துபோய் இருந்தார். எந்த நாடு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் தமிழ் பேசினார். பாடப் புத்தகம் எழுந்து வந்து பேசுகிற மாதிரி இருந்தது. "அம்மா, தாங்கள் அமருங்கள்" என்றதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மதினி தொடையில் கிள்ளினாள்.

அவர் பத்திரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இப்படி ஒரு மனுவை அவர் கண்டதே இல்லை போலும். நிதானமாக வாசித்துவிட்டு, "இரண்டாம் சாட்சியின் இடம் வெறுமையாக உள்ளதே?" என்று கேட்டார்.

"அது உங்களுக்குத்தான்யா" என்று மதினி பேனாவை நீட்டினாள்.

அவர் பேனாவை வாங்கவில்லை. சிரிக்கவும் இல்லை, அதைச் சொல்ல வேண்டும். "அம்மா, அன்று நான் அங்கே இல்லை. காணாத ஒன்றுக்கு நான் எவ்வாறு சாட்சியாவேன்? உங்கள் தேர்தலில் எங்கள் நாடு தலையிடவும் இயலாது. நான் செவிமடுக்கலாம், அவ்வளவே. கண்டவர் எவரும் உங்கள் ஊரில் இல்லையா?" என்றார். பத்திரத்தை மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அண்ணாச்சியின் கட்டையும் வாங்கிக்கொண்டார். ஆனால் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நான் அவரைத் திட்டித் தீர்த்தேன். நாசமாய்ப் போக, ஒரு கையெழுத்துப் போட்டால் கை தேய்ந்துவிடுமா? மதினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"திட்டாத, சுப்பு. பார்க்காததைச் சொல்ல மாட்டேன்னு அந்த மனுசன் சொல்லுதான். அண்ணாச்சிகிட்ட நான் என்ன சொன்னேன்? அதேதானே? வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதையாப் போச்சு ஏட்டி. பார்த்தவன் நம்ம கடைக்கு எதுத்தாப்புல இருக்கான்."

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. சாயங்கால வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நேராகச் சலூனுக்குள் நுழைந்து, காலியாக இருந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. எங்கள் ஊரில் பொம்பளை சலூன் வாசலைக்கூட மிதிக்க மாட்டாள். கருத்தப்பாண்டி கத்தியும் கையுமாக நின்றார்.

"அக்கா, எந்திரிங்கக்கா. மானம் போவுது."

"போகட்டும். நீ கையெழுத்துப் போடுத வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

அன்று கடை அடைக்கும் வரை இருந்தாள். மறுநாள் காலை கடை திறந்ததும் வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் நாளும் அப்படியே. நான் பலசரக்குக் கடையைப் பார்த்துக்கொண்டே எதிரே கூட்டம் சேர்வதைப் பார்த்தேன். கேலி பேசினார்கள். "என்ன தங்கப்பழம், கிராப்பா, மொட்டையா?" என்று ஒரு வாலிபன் கேட்டான். "உன் நாக்கை வெட்டச் சொல்லிட்டுப் போறேன், வா" என்றாள். கருத்தப்பாண்டி வந்தவர்களுக்கு வாசல் பெஞ்சில் வைத்துச் சவரம் செய்தார். அவர் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. மத்தியானம் எங்கள் வீட்டிலிருந்து அவருக்கும் சேர்த்தே சோறு போனது.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு ஏட்டையா வந்தார். நாற்காலியைப் பார்த்தார். "என்னம்மா இது?" என்றார்.

"இதே நாற்காலிதான்யா. அன்னைக்கு எட்டு மணிக்கு அவுக இதுலதான் இருந்தாக. எந்தக் கன்னம் முடிஞ்சது, எந்தக் கன்னம் பாக்கின்னு இவரைக் கேளுங்க. தெரியாதுன்னு இவர் சொல்லட்டும், நான் இப்பவே எந்திரிச்சிப் போறேன்."

ஏட்டையா கருத்தப்பாண்டியைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் நின்ற கூட்டமும் பார்த்தது. கருத்தப்பாண்டி கத்தியைக் கிண்ணத்தில் வைத்தார். துண்டால் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இடது கன்னம்" என்றார் கடைசியில். "இடது கன்னந்தான்யா பாக்கி. இங்கனதான் இருந்தாரு. பஸ்ஸைக் கொளுத்துனாருன்னு சொல்லுதது பொய். குடுங்கக்கா அந்தப் பத்திரத்தை."

இரண்டு என்று போட்டிருந்த இடத்தில் தன் பேரை எழுதினார். ஏட்டையா தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகுதான் பாருங்கள், திருச்செந்தூர் போனவன் வந்தான், காய்ச்சல்காரன் எழுந்து வந்தான். பத்திரத்தின் பின்பக்கம் நிறைந்து, சண்முகையா ஓடிப்போய் இன்னொரு தாள் கொண்டுவந்தார். முப்பத்தெட்டுக் கையெழுத்து. நாலு பேர் கைநாட்டு. வக்கீல் அதைக் கோர்ட்டில் வைத்தார். தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அண்ணனுக்கு ஜாமீன் கிடைத்தது. பிற்பாடு அந்த வழக்கே நிற்கவில்லை.

அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கியபோது ஆவுடையப்பன் அண்ணாச்சி மைக்செட் சகிதம் நின்றார். மாலையைப் போட்டுவிட்டு, "நாம் கொடுத்த மனுவைக் கண்டு வெளிநாடுகள் கொதித்து எழுந்தன! டெல்லி பணிந்தது!" என்று முழங்கினார். கூட்டம் கைதட்டியது. மதினி கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனாள்.

"அண்ணாச்சி, வெள்ளைக்காரன் கையெழுத்துப் போடல. கருத்தப்பாண்டி போட்டாரு."

மைக்கில் அதுவும் கேட்டது.

அண்ணன் அவளைப் பார்த்தான். மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மைக் பக்கம் போகாமல் கடைத்தெருவைப் பார்த்து நடந்தான். சலூன் வாசலில் நின்ற கருத்தப்பாண்டியின் கழுத்தில் அந்த மாலையைப் போட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினான். ஒரு வாரத் தாடி இருந்தது. கருத்தப்பாண்டி மாலையோடேயே சோப்பைக் குழைத்தார். இடது கன்னத்தில் மட்டும் நுரையைப் பூசினார்.

"இந்தப் பக்கந்தானே அண்ணாச்சி பாக்கி" என்றார்.

மதினி சலூன் படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பதிமூன்று மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.