சுற்றாத திருகு

என் மச்சினனுக்கு முன்னாலேயே கேமரா வாங்கியவன் நான்தான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவை உக்கடம் பெரியகுளத்துக் கரையில், மார்கழிப் பனியில் குத்தவைத்து, ஆகாயத்தாமரைக்கு நடுவே நீர்க்கோழிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவியின் தம்பி சும்மா வேடிக்கை பார்க்க வந்தான். அடுத்த வருஷம் அவன் கையிலும் ஒரு கேமரா. சிங்கப்பூரில் இருந்த அவன் பெரியப்பா மகன் கொண்டுவந்து கொடுத்த முழ நீள லென்ஸ் வேறு. நான் எடுத்தால் புள்ளியாக விழுகிற பறவை, அவன் எடுத்தால் கண்ணும் மூக்குமாக விழும்.

வயிற்றெரிச்சல்தான். அதற்கு வேறு நல்ல பேர் வைக்க எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே, அவன் எடுத்த கூழைக்கடாப் பறவை பெரிதாகத் தொங்கியது. நான் எடுத்த மீன்கொத்தி கதவுக்குப் பின்னால். கதவைச் சாத்தினால்தான் தெரியும். பகலில் எங்கள் வீட்டில் யார் கதவைச் சாத்துகிறார்கள்? வந்தவர்களிடமெல்லாம், "தம்பி படத்துல அலகுல தண்ணி சொட்டறதுகூடத் தெரியுது பாருங்க" என்பாள் என் மனைவி. கட்டினவன் ஒருத்தன் பக்கத்தில் நிற்கிறானே என்று ஒரு வார்த்தை கிடையாது.

ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கேமரா, பைனாகுலர் சகிதம் என் மொபெட்டில் அன்னூர்ப் பக்கம் ஒரு குளத்துக்குப் போனோம். அந்த வருஷம் மழை பரவாயில்லை, தண்ணீர் நின்றது. நான் அவசரக்காரன். வெயில் ஏறுவதற்குள் முப்பத்தாறு படத்தையும் நத்தைகுத்தி நாரைக்கே கொடுத்து முடித்துவிட்டேன். வேறு பிலிம் ரோல் கொண்டுபோகவில்லை. அப்போதுதான் எதிர்க்கரைப் பக்கம் இருந்து அது வந்து சேற்றுத் திட்டை ஒட்டித் தண்ணீரில் இறங்கியது.

"ஏனுங்க மச்சான், வரித்தலை வாத்துங்க" என்றான் மச்சினன். இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. எங்கள் பக்கம் அதைப் பார்த்ததாக நாங்கள் கேள்விப்பட்டதேயில்லை. புத்தகத்தில் பார்த்ததோடு சரி. அவன் கேமராவிலும் ரோல் முடிகிற நேரம். கழற்றிப் புது ரோலை மாட்டினான். அவசரத்தில் உள்ளே சரியாகப் பார்க்கவில்லை. மூடியைச் சாத்திவிட்டு எடுக்க ஆரம்பித்தான்.

எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. அவன் கேமராவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிலிம் சரியாக மாட்டியிருந்தால், வலது பக்க லீவரை இழுக்கிறபோது இடது பக்கத் திருகு தானாகச் சுற்றும். அவன் இழுத்தான். திருகு அசையவில்லை. மறுபடி இழுத்தான். அசையவில்லை. பிலிமின் நுனி உள்ளே மாட்டாமல் நழுவிவிட்டது. எத்தனை எடுத்தாலும் ஒன்றும் விழாது.

சொல்லியிருக்கலாம். மூடியைத் திறந்து மாட்ட அரை நிமிஷம் ஆகும், வாத்து அங்கேயேதான் மேய்ந்துகொண்டிருந்தது. வாயைத் திறக்கவும் திறந்தேன். அப்போது அவன் கண்ணை எடுக்காமலே, "இதைப் பெருசாப் போட்டு அக்காவுக்கே குடுத்தர்றேனுங்க மச்சான். கூழைக்கடாவக் கழட்டிப்போட்டு இதை மாட்டிக்கலாம்" என்றான்.

வாயை மூடிக்கொண்டேன். கழற்றுவதானால் அந்த இடத்தில் என் மீன்கொத்தியை மாட்டலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

முக்கால் மணி நேரம் எடுத்தான். ஒவ்வொரு தடவையும் திருகைப் பார்த்தேன். ஒருவேளை சுற்றிவிடுமோ என்று பயமாகக்கூட இருந்தது. "முப்பத்தெட்டு வந்துபோட்டுதுங்க, ரெண்டு சேத்தி!" என்று சிரித்தான். பிறகு குனிந்து ரோலைச் சுற்றி எடுத்தான். நிமிர்ந்தபோது வாத்து இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஸ்டுடியோவிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து நெகட்டிவை எடுத்துக் காட்டினான். ஒன்றுமே இல்லை. என் மனைவி அதை லைட்டுக்கு நேராகத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போதும் எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். மறுநாளே அந்தக் குளத்துக்கு ஓடியிருக்கிறான், அதற்கடுத்த நாளும். வாத்து இல்லை.

"போனாப் போகுதுங்க" என்றான், சனிக்கிழமை மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தபோது. கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்து விரித்தான். பென்சிலில் வாத்தைப் பாதி வரைந்து வைத்திருந்தான். "ஞாபகத்துலருந்து வரையறேன். நான் அந்தச் சின்ன ஓட்டைக்குள்ள ஃபோகஸ் பண்றதுலயே இருந்துபோட்டேன், முழுசாப் பாக்கவேயில்லீங்க. தண்ணியை விட்டு மேல ஏறி நின்னுதுங்களே, காலு என்ன நெறமுங்க? நீங்கதான் பைனாகுலர் வெச்சுட்டுச் சாவகாசமா உக்காந்திருந்தீங்க."

பைனாகுலர் கழுத்தில்தான் தொங்கியது. அதை நான் ஒரு தடவைகூடக் கண்ணில் வைக்கவில்லை. முக்கால் மணி நேரமும் என் கண் அந்தத் திருகின் மேல் இருந்தது. வாத்து எப்போது மேலே ஏறியது, எப்போது பறந்தது, எதுவும் எனக்குத் தெரியாது.

அவனும் என் மனைவியும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மஞ்சள்" என்றேன்.

அவன் அதை எழுதி, பக்கத்தில் 'மச்சான் நல்லாப் பார்த்தது' என்று குறித்துக்கொண்டான்.